திசை அறிந்து திருப்பும் ஆன்டெனா: வீட்டு மாடியில் ஒரு ஹாம் ரேடியோ நிலையம்

 

நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். ஓட்டு வீட்டின் மேலோ மொட்டை மாடியிலோ ஓர் இரும்பு பைப். அதன் உச்சியில் மீன் முள் போல அலுமினியக் கம்பிகள். ஒருவர் மேலே ஏறிப் பைப்பைத் திருப்புவார். கீழே டி.வி. முன்னால் இருப்பவர், "இன்னும் கொஞ்சம்... கொஞ்சம்... நிறுத்து, நிறுத்து!" என்று குரல் கொடுப்பார். கொடைக்கானல் கோபுரம் இருக்கும் பக்கம் கம்பிகள் சரியாகத் திரும்பியதும் புள்ளி புள்ளியாக இருந்த படம் தெளிந்துவிடும்.

அன்று பெயர் தெரியாமலே நாம் கையாண்ட அந்தக் கருவிதான் பீம் ஆன்டெனா. அது நிலையத்திலிருந்து வரும் அலையை வாங்க மட்டும் பயன்பட்டது. உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர், அதாவது ஹாம், அதே வகைக் கம்பிகளைக் கொண்டு வாங்கவும் செய்கிறார், அனுப்பவும் செய்கிறார். அது எப்படி வேலை செய்கிறது, நம் பெரம்பலூர், அரியலூர் வீடுகளில் எப்படி அமைப்பது, அமைப்பதால் யாருக்கு என்ன பயன் என்பதே இந்தப் பாடம்.

ஏன் கற்க வேண்டும்?

2004 டிசம்பர் மாதம். அந்தமான் தலைநகர் போர்ட் பிளேரில் ஒரு ஹாம் குழு தங்கியிருந்தது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த அந்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் பாரதி பிரசாத் என்ற பெண்மணி. அவரது அழைப்புக் குறி வி.யு.2.ஆர்.பி.ஐ. பல ஆண்டுகளாக ஹாம் ஒலிபரப்பு இல்லாதிருந்த அந்தத் தீவுகளிலிருந்து உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசுவதற்காக அவர்கள் சென்றிருந்தார்கள். கிட்டத்தட்ட ஒரு விளையாட்டுப் பயணம்தான்.

டிசம்பர் 26 காலையில் பூமி அதிர்ந்தது. பிறகு சுனாமி வந்தது. தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. வேலை செய்யும் நிலையில் இருந்த அந்த ஹாம் நிலையம் அன்று முதல் செய்தி நிலையமாக மாறியது. தீவில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்று தவித்த குடும்பங்களுக்குச் செய்தி போனது. குழுவினர் கார் நிக்கோபாருக்கும் சென்று பணியாற்றினார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் சுனாமிக்குப் பிறகு கருவி வாங்கவில்லை. பிறகு ஆன்டெனா கட்டவில்லை. பிறகு தேர்வு எழுதவில்லை. எல்லாம் முன்பே தயாராக இருந்தது. அதனால்தான் பயன்பட்டது.

நம் மாவட்டங்களுக்குக் கடல் இல்லை. ஆனால் தெற்கே கொள்ளிடம் இருக்கிறது, வடக்கே வெள்ளாறு இருக்கிறது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகளையே கொள்ளிட வெள்ளம் அடித்துச் சென்றது. திருமானூர்ப் பக்கத்து மக்களுக்கு அந்த ஆற்றின் குணம் தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர், புதுச்சேரிக்கு இடையே கரை கடந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை ஏறி டெல்டா மாவட்டங்களைக் கலைத்துப் போட்டது. மின்சாரம் போனால் செல்போன் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு எல்லாருடைய கையிலும் இருக்கும் போன் ஒரு கண்ணாடித் துண்டுதான். அந்த நேரத்தில் ஒரு மஹல்லாவுக்கு ஒரு வீட்டிலாவது 12 வோல்ட் பேட்டரியில் இயங்கும் ஹாம் நிலையம் இருந்தால், ஊர் முழுவதும் வெளியுலகோடு பேச முடியும்.

பீம் ஆன்டெனா என்ன செய்கிறது?

ஒரு மண்ணெண்ணெய் விளக்கை எண்ணிக்கொள்ளுங்கள். வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவும். அதன் பின்னால் ஒரு தகரத்தை வளைத்து வைத்தால் முன்பக்கம் வெளிச்சம் கூடும், பின்பக்கம் இருட்டாகும். எண்ணெய் கூடவில்லை. வீணாகப் பின்னால் போன வெளிச்சம்தான் முன்னால் வந்தது.

பீம் ஆன்டெனாவும் இதையே செய்கிறது. மூன்று கம்பிகள் கொண்ட ஓர் ஆன்டெனாவைப் பார்ப்போம். நடுவில் இருப்பது கேபிள் இணைக்கப்பட்ட கம்பி. இதற்கு ட்ரிவன் எலிமென்ட் என்று பெயர். அதன் பின்னால் சற்று நீளமான கம்பி. அது ரிஃப்ளெக்டர், அலையைத் திருப்பி அனுப்புவது. முன்னால் சற்று நீளம் குறைந்த கம்பி. அது டைரக்டர், அலையை முன்னே இழுத்துச் செல்வது. பின்கம்பிக்கும் முன்கம்பிக்கும் கேபிள் கிடையாது. அவற்றின் நீளமும் இடைவெளியுமே வேலையைச் செய்கின்றன.

இந்த அமைப்பை 1926இல் ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர்கள் ஷின்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகி ஆகிய இருவர். அதனால்தான் இதை யாகி ஆன்டெனா என்று அழைக்கிறோம். 1942இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியப் படையினர், ஆங்கிலேயரின் ரேடார் குறிப்பேடு ஒன்றில் "யாகி" என்ற சொல்லைக் கண்டு பொருள் புரியாமல் கைதியிடம் கேட்டார்களாம். அது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர்தான் என்று அவர் சொன்ன பிறகே விளங்கியது. தன் வீட்டு அறிவை அயலார் பயன்படுத்திய பிறகே மதிக்கும் பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

மூன்று கம்பி யாகி ஒன்று, தனிக் கம்பியோடு ஒப்பிட்டால், தான் நோக்கும் திசையில் ஏறத்தாழ மூன்று மடங்கு பலம் தரும். கையில் 5 வாட் வாக்கி டாக்கி வைத்திருப்பவர் அந்தத் திசையில் 15 வாட் கருவி வைத்திருப்பவர் போல ஆகிறார். கேட்கும்போதும் அதே லாபம். பக்கவாட்டு இரைச்சல் குறைந்து, மெல்லிய குரலும் கேட்கும்.

நீளம்தான் உயிர்

வானொலி அலையின் நீளத்துக்குத் தக்கபடி கம்பியின் நீளம் அமைய வேண்டும். மனத்தில் வைக்க எளிய கணக்கு இது: 143ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அரை அலைக் கம்பியின் நீளம் மீட்டரில் கிடைக்கும்.

14.15 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 10.1 மீட்டர். 21.2 மெகாஹெர்ட்ஸுக்கு 6.7 மீட்டர். 28.5 மெகாஹெர்ட்ஸுக்கு 5 மீட்டர். 145 மெகாஹெர்ட்ஸுக்கு 98 சென்டிமீட்டர் மட்டுமே. ரிஃப்ளெக்டர் இதைவிட ஏறத்தாழ 5 சதவீதம் கூடுதல், டைரக்டர் 5 சதவீதம் குறைவு.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. ஒரு நீளம் ஓர் அலைக்கு மட்டுமே பொருந்தும். பகலில் ஓர் அலைவரிசை, இரவில் வேறொன்று என்று மாற வேண்டியிருக்கும்போது கம்பியின் நீளமும் மாற வேண்டும். இதற்குத் தீர்வாக வந்ததுதான் நீளம் மாற்றக்கூடிய பீம் ஆன்டெனா. உள்ளே வெற்றிடமுள்ள ஃபைபர் குழாய்களுக்குள் மெல்லிய உலோக நாடா ஒன்று சுருண்டிருக்கும். படிப்படியாகச் சுழலும் சிறு மோட்டார் அந்த நாடாவைத் தேவையான அளவு வெளியே தள்ளும், உள்ளே இழுக்கும். அறையில் உள்ள பெட்டியில் அலைவரிசையைக் குறித்தால் போதும். தையற்காரர் டேப்பை இழுப்பது போலக் கம்பி தானே அளந்துகொள்ளும். டைரக்டரை நீட்டி ரிஃப்ளெக்டராகவும், ரிஃப்ளெக்டரைக் குறைத்து டைரக்டராகவும் ஆக்கினால், கம்பத்தைத் திருப்பாமலே ஆன்டெனா எதிர்த்திசையை நோக்கும்.

அமெரிக்காவிலிருந்து வரும் இத்தகைய ஆன்டெனாவின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாது. ஆனால் அதன் கருத்து எட்டும். நம் வீட்டில் மோட்டார் இல்லாமல், கையால் நீளம் மாற்றும் சிறிய பீம் ஒன்றைச் செய்துவிடலாம்.

செய்முறை: இஞ்சி டேப் பீம்

இது பல நாடுகளில் ஹாம்கள் செய்து பார்த்து உறுதி செய்த அமைப்பு. இந்தியாவில் ஹாம்களுக்கு உரிய 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைக்கு ஏற்றது.

தேவையானவை: கொத்தனார் வைத்திருக்கும் 1 அங்குல அகல ஸ்டீல் டேப், பிளம்பிங் கடையில் கிடைக்கும் பி.வி.சி. பைப்பும் அதற்குரிய இணைப்புகளும், ஹோஸ் கிளிப் ஆறு, 50 ஓம் கோ-ஆக்ஸ் கேபிள், 13 சென்டிமீட்டர் செம்புக் கம்பி, ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன்.

1. ஸ்டீல் டேப்பை நான்கு துண்டாக வெட்டுங்கள். ரிஃப்ளெக்டருக்கு 105 செ.மீ. டைரக்டருக்கு 89 செ.மீ. நடுக்கம்பிக்கு 45 செ.மீ. அளவில் இரண்டு. முதலில் ஒவ்வொன்றையும் 1 செ.மீ. கூடுதலாக வெட்டுவது நல்லது. குறைப்பது எளிது, கூட்ட முடியாது. வெட்டிய முனை கத்தி போல இருக்கும். உடனே இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள்.

2. பி.வி.சி. பைப்பில் இடைவெளி அளந்து குறியுங்கள். ரிஃப்ளெக்டருக்கும் நடுக்கம்பிக்கும் இடையே 20 செ.மீ. நடுக்கம்பிக்கும் டைரக்டருக்கும் இடையே 32 செ.மீ. ஹோஸ் கிளிப்பால் டேப்பைப் பைப்போடு இறுக்குங்கள்.

3. நடுக்கம்பியின் இரண்டு துண்டுகளும் ஒன்றையொன்று தொடக்கூடாது. நடுவே ஏறத்தாழ 2.5 செ.மீ. இடைவெளி வேண்டும்.

4. துண்டுகளின் உள்முனைகளில் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்து, கோ-ஆக்ஸ் கேபிளின் நடுக்கம்பியை ஒரு துண்டிலும், சுற்றியுள்ள பின்னலை மற்றதிலும் பற்றவையுங்கள். செம்புக் கம்பியைக் கொண்டை ஊசி போல வளைத்து அதன் இரு முனைகளையும் அதே இரு இடங்களில் பற்றவையுங்கள். இந்தக் கொண்டை ஊசிதான் ஆன்டெனாவையும் கேபிளையும் ஒத்துப்போகச் செய்கிறது. நடுக்கம்பி மேலே சொன்ன 98 செ.மீ. கணக்கைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதும் இதனால்தான்.

5. இனிச் சரிசெய்தல். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் என்ற கருவி, அனுப்பிய ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும். 1.5க்குக் கீழே இருந்தால் நன்று. 2ஐத் தாண்டினால் அனுப்பாதீர்கள், கருவி கெடும். மிகக் குறைந்த அளவு 145க்குக் கீழே, உதாரணமாக 143இல் கிடைத்தால் கம்பி நீளம் அதிகம் என்று பொருள். ஹோஸ் கிளிப்பைத் தளர்த்தி இரு துண்டுகளையும் சம அளவில் உள்ளே நகர்த்துங்கள், அல்லது முனையில் சில மில்லிமீட்டர் வெட்டுங்கள். 145க்கு மேலே கிடைத்தால் வெளியே நகர்த்துங்கள். மோட்டார் செய்யும் வேலையை இங்கே உங்கள் கை செய்கிறது.

6. வாக்கி டாக்கிகளும் வண்டியில் உள்ள கருவிகளும் நின்ற கம்பியில் பேசுபவை. எனவே உங்கள் பீமின் கம்பிகளும் மேலும் கீழுமாக நிற்க வேண்டும், படுக்கையாக அல்ல. அப்படி நிற்கும்போது இரும்புக் கம்பம் கம்பிகளுக்கு நடுவே போனால் ஆன்டெனா வேலை செய்யாது. உச்சியில் 1.5 மீட்டர் அளவுக்காவது பி.வி.சி. பைப்போ உலர்ந்த மூங்கிலோ வையுங்கள்.

கேபிளிலும் கவனம் தேவை. மெல்லிய ஆர்.ஜி.58 கேபிள் 10 மீட்டர் நீளத்திலேயே இந்த அலைவரிசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றலை விழுங்கிவிடும். கஷ்டப்பட்டு பீம் செய்து, மலிவான நீண்ட கேபிளில் அதை இழக்கக்கூடாது. கனமான ஆர்.ஜி.213 வாங்குங்கள், அல்லது கேபிளின் நீளத்தைக் குறையுங்கள்.

திசை காண்பது: கிப்லா கணக்கும் பீம் கணக்கும் ஒன்றே

பீம் கட்டியாகிவிட்டது. எந்தப் பக்கம் திருப்புவது? சுவரில் மாட்டிய தட்டையான உலகப் படத்தைப் பார்த்தால் தவறாகிவிடும். பூமி உருண்டை. பள்ளிக்கூட குளோப் ஒன்றை எடுத்து, நம் ஊரில் ஒரு நூலின் முனையை வைத்து, போக வேண்டிய ஊருக்கு இழுத்துப் பிடியுங்கள். நூல் புறப்படும் திசைதான் சரியான திசை. அலையும் அந்த வழியில்தான் போகும்.

கிப்லாவைக் கணிப்பதும் இதே முறையில்தான். பெரம்பலூரிலிருந்து மக்கா நேர் மேற்கே இல்லை. வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் அளந்தால் ஏறத்தாழ 290 டிகிரி. அதாவது மேற்கிலிருந்து 20 டிகிரி வடக்கே சாய்ந்தது. தொலைவு சுமார் 4,300 கி.மீ. இதே கணக்கில் துபாய் 305 டிகிரி, சுமார் 2,900 கி.மீ. கோலாலம்பூர் 108 டிகிரி. போர்ட் பிளேர் 87 டிகிரி, ஏறக்குறைய நேர் கிழக்கு. லண்டன் 321 டிகிரி. நியூயார்க் 336 டிகிரி. படத்தில் மேற்கே தெரியும் அமெரிக்கா, உண்மையில் நமக்கு வடக்கை ஒட்டிய திசையில் இருக்கிறது.

நான் முதல்முறை மாடியில் திசை குறித்தபோது நடந்ததைச் சொல்கிறேன். திசைகாட்டியைக் கையில் வைத்து, தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, எண்களை எழுதி முடித்தேன். கூட நின்ற மகன் பார்த்துவிட்டு, "என்ன அத்தா, நாம தொழுற பக்கம் இதுல வேற எங்கேயோ காட்டுதே?" என்றான். திரும்பிப் பார்த்தால், தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று அளந்திருக்கிறேன். முள் நாற்பது டிகிரி தள்ளி நின்றது. பத்தடி விலகி அளந்ததும் சரியாகிவிட்டது. நம் பகுதியில் திசைகாட்டி முள்ளுக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு ஓரிரு டிகிரிதான். அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் இரும்பைப் பொருட்படுத்துங்கள். தெரிந்த ஒரு திசையைக் கொண்டு எப்போதும் சரிபாருங்கள்.

சிறிய யாகியின் பார்வை அகலமானது. பத்துப் பதினைந்து டிகிரி தவறினாலும் பெரிய இழப்பில்லை. ஆகவே மோட்டார் வைத்த ரோட்டேட்டர் கட்டாயமல்ல. பைப்பின் அடியில் ஒரு குறுக்குப் பிடி வைத்துக் கையால் திருப்பினால் போதும்.

எவ்வளவு தூரம் போகும்?

145 மெகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலும் பார்வைக்கோடு போல நேராகச் செல்லும். உயரம் கூடினால் தூரம் கூடும். கணக்கு இது: இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்துக்கும், மீட்டர் அளவில், தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12ஆல் பெருக்க வேண்டும். இரண்டும் தரையிலிருந்து 12 மீட்டர் என்றால் 28 கி.மீ. கிடைக்கும். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 24 கி.மீ.தான். ஆக, இரண்டு ஊர்களிலும் மாடி வீட்டின் மேல் கம்பம் நட்டு ஒன்றையொன்று நோக்கித் திருப்பினால் செல்போன் கோபுரம் எதுவும் இல்லாமலே பேசிக்கொள்ள முடியும். அரியலூரிலிருந்து திருமானூரும் இதே அளவு தூரத்துக்குள் அடங்கும். லப்பைகுடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களுக்குக் கட்டடமும் மேடும் குறுக்கிடுவதைப் பொறுத்து மாறும். பச்சமலை பக்கம் மலை மறைக்கும். முன்கூட்டியே சோதித்துப் பார்த்துக் குறித்து வைத்தால்தான் தெரியும்.

இங்கே ஒரு முக்கியமான உண்மையையும் சொல்ல வேண்டும். சென்னைக்கு 255 கி.மீ. இந்தத் தூரத்துக்கு 145 மெகாஹெர்ட்ஸ் பீம் போதாது. 14 மெகாஹெர்ட்ஸ் பெரிய பீமும் உதவாது. அதன் அலை நம் தலைக்கு மேல் தாண்டித் துபாயில் இறங்கும். சென்னையோடு பேச வேண்டுமானால் 7 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் சாதாரணக் கம்பியை ஐந்தாறு மீட்டர் உயரத்தில், துணி உலர்த்தும் கொடி போல, இரு மரங்களுக்கு இடையே கட்டினாலே போதும். அலை நேர் மேலே போய், வானின் மேலடுக்கில் பட்டு, குடை போலச் சுற்று வட்டாரம் முழுவதும் இறங்கும். எனவே பேரிடருக்குத் தயாராகும் வீட்டுக்கு இரண்டும் வேண்டும்: பக்கத்து ஊருக்குத் திசை பார்க்கும் பீம், மாநிலத்துக்குத் தாழக் கட்டிய கம்பி.

மாடியில் கவனிக்க வேண்டியவை

மின்கம்பியே முதல் எதிரி. கம்பமும் ஆன்டெனாவும் சேர்ந்த உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் மின்கம்பி இருக்கக்கூடாது. சாய்ந்தாலும் தொடாத இடமாகப் பாருங்கள். தெருவோரக் கம்பி ஒட்டிய மாடியானால் அங்கே அமைக்க வேண்டாம். வேறு வீட்டைத் தேர்ந்தெடுங்கள்.

கம்பத்தை மூன்று பக்கமும் ஸ்டே கம்பி கட்டி இறுக்குங்கள். தனி ஆளாகத் தூக்காதீர்கள். மழையிலும் காற்றிலும் ஏறாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை இடி மழைக் காலத்தில் பேசாத நேரமெல்லாம் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். கம்பத்துக்குத் தடித்த செம்புக் கம்பியால் தனி எர்த் கொடுங்கள். பேசும்போது பீமின் முன்னால் யாரும் இரண்டு மூன்று மீட்டருக்குள் நிற்க வேண்டாம்; குழந்தைகளை மாடிக்கு விடாதீர்கள்.

அண்டை வீட்டாரின் உரிமை இதிலும் உண்டு. கம்பிகள் அவர்கள் சுவரைத் தாண்டி நீளக்கூடாது. கட்டும் முன் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். மாடிக்கு ஏறும் நேரத்தையும் தெரிவியுங்கள். பெண்கள் துணி உலர்த்தும் மாடிகள் அருகருகே இருக்கும் தெரு நம்முடையது. நீங்கள் பேசும்போது அவர்கள் டி.வி.யில் இரைச்சல் வந்தால், சரிசெய்யும் வரை நிறுத்துங்கள். நல்லெண்ணம் இல்லாத இடத்தில் ஆன்டெனா நிலைக்காது.

உரிமம் இல்லாமல் ஒரு சொல்லும் வேண்டாம்

"மாடியில் கம்பியும் கையில் வயர்லெஸ்ஸுமாக இருந்தால் போலீஸ் கேட்காதா?" என்று பெற்றோர் பலர் தயங்குகிறார்கள். உரிமம் இல்லாவிட்டால் கேட்கத்தான் செய்வார்கள். கேட்பது நியாயமும் கூட. உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது சட்டப்படி குற்றம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாக்கி டாக்கி வாங்கிப் பேசிப் பார்ப்பது கூடவே கூடாது. உரிமம் இருந்தால் அரசு கொடுத்த அழைப்புக் குறியே உங்கள் அடையாளம், அஞ்ச ஒன்றுமில்லை.

மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையில் உள்ள வயர்லெஸ் பிரிவு தேர்வு நடத்தி உரிமம் தருகிறது. 12 வயது நிரம்பிய எவரும் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு வானொலி அடிப்படைப் பாடமும் விதிமுறைகளும் போதும். 50 வாட் வரை அனுமதி. ஜெனரல் கிரேடுக்குக் கூடுதலாக நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் வேண்டும். 400 வாட் வரை அனுமதி. விண்ணப்பம் சரல் சஞ்சார் என்ற அரசு இணையதளம் வழியே. கட்டணமும் விதிகளும் அவ்வப்போது மாறுவதால் அங்கேயே பார்த்து உறுதி செய்யுங்கள்.

இந்த உரிமத்துக்கு வரம்புகள் உண்டு. வியாபாரம் பேசக்கூடாது. பாட்டோ பயானோ ஒலிபரப்பக்கூடாது. துபாயில் இருக்கும் அண்ணனிடம் உரிமம் இல்லையென்றால் அவரோடு இதில் பேச முடியாது. பிறருடைய செய்தியைக் கடத்துவதற்கும் பேரிடர், அவசர காலம் மட்டுமே விலக்கு. பேசியவற்றை நேரத்தோடு பதிவேட்டில் எழுதி வையுங்கள்.

ஜோர்டான் மன்னராக இருந்த ஹுசைன் ஒரு ஹாம். அவருடைய அழைப்புக் குறி ஜே.ஒய்.1. நம் நாட்டுப் பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் ஹாம், வி.யு.2.ஆர்.ஜி. என்பது அவர் குறி. அரசரும் பிரதமரும் எழுதப் படிக்கும் மாணவனும் அழைப்புக் குறியால் மட்டுமே அறியப்படும் இடம் அது. போர்ட் பிளேரில் அந்த நாளில் கருவியின் முன் உட்கார்ந்திருந்தவர் ஒரு பெண் என்பதை நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அறிவியல் படிக்கும் மகளுக்கு வீட்டுக்குள்ளேயே இருந்து செய்யக்கூடிய பொதுச் சேவை இது.

வழக்கமாக்கிக் கொள்ளுங்கள்

கட்டி முடித்ததோடு வேலை முடியாது. வாரம் ஒருமுறை, உதாரணமாக வெள்ளி மாலை, உரிமம் பெற்ற இன்னொரு ஊர்க்காரரோடு பேட்டரியில் மட்டும் பேசிப் பாருங்கள். எந்தத் திசையில் எந்த ஊர் எப்படிக் கேட்டது என்று குறியுங்கள். ஸ்டே கம்பியின் துருவையும் கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்கியதா என்பதையும் மழைக்கு முன் பாருங்கள். வெள்ளம் வந்த இரவில் ஏணி தேடுபவரால் யாருக்கும் உதவ முடியாது.

ஜமாஅத்தில் ஐந்து மாணவர்கள் சேர்ந்து படித்தால் ஒரு பாடக் குழு. அவர்களில் இருவர் தேர்வில் வென்றால் ஒரு நிலையம். பக்கத்து ஊரிலும் அப்படியே நடந்தால் ஒரு பாதை. சாதி, மதம் பாராமல் அந்தத் தெருவில் இருக்கும் எல்லாருக்குமான பாதை அது. இன்ஷா அல்லாஹ், இந்தப் பருவமழைக்கு முன் தொடங்குங்கள்.

மாணவர்களுக்குப் பயிற்சி

1. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலைக் கம்பியின் நீளம் என்ன?
2. ஒரு ஆன்டெனா 9 மீட்டர் உயரம், மற்றது 16 மீட்டர். 145 மெகாஹெர்ட்ஸில் எட்டும் தூரம் எவ்வளவு?
3. எஸ்.டபிள்யூ.ஆர். மிகக் குறைந்த அளவு 147 மெகாஹெர்ட்ஸில் கிடைக்கிறது. கம்பியை நீட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா?
4. குளோபும் நூலும் கொண்டு, நம் ஊரிலிருந்து ஜகார்த்தாவின் திசையைக் கண்டு எழுதுக.

விடைகள்: 1) ஏறத்தாழ 20.1 மீட்டர். 2) 3ம் 4ம் கூட்டினால் 7, 4.12ஆல் பெருக்க, ஏறத்தாழ 29 கி.மீ. 3) நீட்ட வேண்டும். 4) நூலைப் பிடித்துப் பாருங்கள், வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடம் காட்டிச் சரிபாருங்கள்.